உட்காரும் வேலை

என் அப்பாவுக்கு என்னைப் பற்றி ஒரே ஓர் ஆசைதான் இருந்தது. நான் உட்கார்ந்து வேலை செய்ய வேண்டும். மற்ற அப்பாக்கள் சொல்கிற டாக்டர், வக்கீல், கலெக்டர் எதையும் அவர் சொன்னதில்லை. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் முப்பது வருடமாக நிற்கிறவர் அவர். அந்தப் பட்டறையில் மொத்தமே ஒரு நாற்காலிதான். அது கண்ணாடி அறைக்குள், முதலாளிக்கு. "படிச்சா அந்த மாதிரி ஒரு சேரு. படிக்கலேன்னா இந்த மாதிரி ஒரு காலு" என்று கைலியை முட்டிவரை தூக்கிக் காட்டுவார். கெண்டைக்காலில் நரம்புகள் பச்சையாகப் புடைத்து முறுக்கிக்கொண்டிருக்கும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தை முடித்த முதல் ஆள் நான். கல்லூரியை முடித்த முதல் ஆளும் நான்தான். அப்பா மூன்றாவது வரை. அம்மா பள்ளிக்கூட வாசலை முதன்முதலாக மிதித்ததே என்னைச் சேர்க்க வந்தபோதுதான். இதை அடக்கமாகச் சொல்ல எனக்குத் தெரியாது, அப்படிச் சொல்ல விருப்பமும் இல்லை. இருபத்திரண்டு வயதில் அதே எஸ்டேட்டில், அப்பாவின் பட்டறையிலிருந்து இரண்டு தெரு தள்ளி, ஒரு கட்டடத்தின் நான்காவது மாடியில் எனக்கும் ஒரு நாற்காலி கிடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த வருடம் குடும்பத்தினரை ஆபீசுக்கு அழைத்து வரலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். அப்பா இஸ்திரி போட்ட சட்டையில் வந்தார். என் நாற்காலியில் உட்காரச் சொன்னேன். நெரிசலான பஸ்ஸில் பக்கத்து ஆளுக்கு இடம் விடுகிறவர்போல ஓரத்தில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். கைக்குத் தட்டுப்பட்ட கம்பியை அவர் இழுத்ததும் நாற்காலி புஸ்ஸென்று கீழே இறங்கியது.

"ஐயோ, ஒட்ச்சிட்டனா?" என்று எழுந்துவிட்டார்.

"உடையலப்பா. அது அப்படித்தான். ஏத்தலாம், இறக்கலாம்."

மறுபடி உட்கார்ந்து நாலு தடவை ஏற்றி இறக்கிப் பார்த்தார். லிஃப்டில் போகும்போது அம்மாவிடம், "மொதலாளி சேருகூட இப்டி எறங்காது, தெரியுமா" என்றார். அம்மா, "நீ எப்ப அதுல உக்காந்து பாத்தே?" என்று கேட்டாள்.

இருபத்தாறு வயதில் என்னால் உட்கார முடியாமல் போனது.

முதலில் ஒரு மணி நேரம் கழித்துத்தான் வலி வந்தது. பிறகு அரை மணியில் வந்தது. பிறகு பதினைந்து நிமிடத்தில். உட்காரும்போது நாற்காலியில் பதிகிற இரண்டு எலும்புகளுக்கு நடுவில், உள்ளே, சூடான கூழாங்கல் ஒன்றை யாரோ வைத்துவிட்டதுபோல இருக்கும். எழுந்து நின்றால் கல் மெதுவாக ஆறும். கழிப்பறைக்குப் போனால் சிறுநீர் உடனே வராது. வந்தாலும் விட்டு விட்டு வரும். முடிந்த பிறகும் முடியாததுபோல இருக்கும்.

நான் பார்த்த முதல் டாக்டர் சிறுநீர்த் தொற்று என்று மாத்திரை கொடுத்தார். பரிசோதனையில் தொற்று இல்லை என்று வந்தது. இரண்டாவது டாக்டர் ஸ்கேன் எடுத்தார். எல்லாம் சரியாக இருந்தது. மூன்றாவது டாக்டர் ஒரு பெண். "கல்யாணம் ஆயிடுச்சா?" என்றார். இல்லை என்றேன். பேனாவை மூடி வைத்துவிட்டு, "கல்யாணம் ஆனா எல்லாம் சரியாயிடும்" என்றார். அவர் அறைக்கு வெளியே நிறைமாதப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மட்டும் சுவரோரம் நின்றுகொண்டு மாத்திரைச் சீட்டை நாலாக மடித்தேன்.

யாரிடம் சொல்வது? வலிக்கிற இடத்துக்கு என்னிடம் சொல்லத்தக்க ஒரு வார்த்தை இல்லை. அம்மாவுக்குத் தெரிந்த வார்த்தைகள் எல்லாம் திட்டுகிற வார்த்தைகள். பள்ளிக்கூடத்தில் கற்ற வார்த்தைகளை உயிரியல் டீச்சரே வேகமாகப் பக்கத்தைத் திருப்பிக்கொண்டே சொன்னார். வார்த்தை கிடைத்தாலும் அப்பா அம்மாவிடம் அதை எப்படிச் சொல்வது? அப்பா காலை எட்டு மணிக்குப் போய் லேத்தின் முன் நிற்பவர். அம்மா முகப்பேர் ஃபிளாட்களில் மூன்று வீட்டுக்குச் சமையல் செய்து, மூன்று அடுப்பின் முன்னாலும் நிற்பவள். நான் உட்கார வேண்டும் என்பதற்காக நின்றவர்கள் அவர்கள். அவர்களிடம் போய், உட்கார்ந்தால் வலிக்கிறது என்று எந்த முகத்தோடு சொல்வேன்?

எல்லோரிடமும் முதுகு வலி என்றேன். முதுகு மரியாதையான உறுப்பு.

அப்போது எங்கள் குழு வாரத்தில் ஒரு நாள் மட்டும் ஆபீஸ் போய், மற்ற நாட்கள் வீட்டிலிருந்து வேலை செய்தது. கொரட்டூரில் ஏரிப் பக்கம் ஒரு சின்ன ஃபிளாட் எங்களுடையது, வாடகைக்கு. அப்பாவும் அம்மாவும் கிளம்பிய பிறகு மடிக்கணினியைத் தூக்கி ஃபிரிட்ஜின் மேல் வைத்துக்கொள்வேன். எங்கள் ஃபிரிட்ஜ் என் மார்பு உயரம். நாள் முழுக்க அதன் முன்னால் நின்று வேலை செய்வேன். மாலை அம்மா வருவதற்கு முன் எல்லாவற்றையும் மேசையில் இறக்கி, நாற்காலியைச் சற்று இழுத்துப் போட்டு, இவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்ததுபோல ஆக்கிவிடுவேன்.

நான்காவதாகப் போன பெண் டாக்டர்தான் விரலால் அழுத்திப் பார்த்து, "இது தசை. இடுப்புக்கு அடியில இருக்கிற தசை. பிசியோதெரபி வேணும்" என்று சொன்னார். முகப்பேரில் அதைச் செய்கிறவர் ஒருவர் இருக்கிறார் என்று எழுதிக்கொடுத்தார். நான் உடனே போகவில்லை. தசைதானே, பயிற்சிதானே, நானே படித்துக்கொள்ளலாம் என்று நினைத்தேன். படித்து வாங்காதது என்று என் வாழ்க்கையில் எதுவும் இல்லை.

கைப்பேசியில் தேடினேன். இடுப்புத் தளத் தசைகளை வலுவாக்க, சிறுநீரை அடக்குவதுபோல இறுக்கிப் பிடி, பத்து எண்ணு, விடு என்றது ஒரு காணொளி. ஒரு நாளைக்கு முப்பது முறை என்றார்கள். நான் நூறு முறை செய்தேன். மின்சார ரயிலில், சிக்னலில், ஃபிரிட்ஜ் முன்னால், பல் தேய்க்கும்போது. யாருக்கும் தெரியாமல் செய்யக்கூடிய பயிற்சி என்பதே எனக்குப் பிடித்திருந்தது. நான்கு மாதம் ஒரு நாள்கூட விடவில்லை. வலி தொடைக்கும் இறங்கியது. நான் நூற்றைம்பதாக்கினேன்.

அந்தச் சமயத்தில்தான் மேலாளர் கூப்பிட்டார். அடுத்த மாதத்திலிருந்து எல்லோரும் தினமும் ஆபீஸ் வர வேண்டும். அதற்கடுத்த மாதம் வாடிக்கையாளர் கம்பெனியிலிருந்து எட்டுப் பேர் வருகிறார்கள். மூன்று நாள் அவர்களை உட்கார வைத்து எங்கள் மென்பொருளை முழுசாக விளக்க வேண்டும்.

"ஒன்பதுல இருந்து ஆறு. நீதான் நடத்தறே. முடியும்ல?"

"முடியும் சார்."

அந்த மூன்று நாளை நடத்துகிறவர்தான் அடுத்த குழுத் தலைவர் என்று யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. தெரியாதவர்களும் யாருமில்லை. அன்று காலை நான் ஒரே மூச்சில் உட்கார்ந்தது பதினோரு நிமிடம். மறுநாள் முகப்பேருக்குப் போனேன்.

மருந்துக் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது அந்தச் சிகிச்சை நிலையம். ஹாலில் முட்டியில் வெந்நீர்ப் பையைக் கட்டிக்கொண்டு நாலைந்து பெரியவர்கள். வரவேற்பில் இருந்த பெண் அட்டையை எடுத்து வைத்துக்கொண்டு ஹால் முழுக்கக் கேட்கும்படி கேட்டாள்.

"இன்னா பிராப்ளம் மேடம்? முட்டியா, முதுகா, கழுத்தா?"

பெரியவர்கள் எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். "முதுகு" என்றேன்.

அட்டையில் முதுகு என்று ஏறிவிட்டது. என்னை ஒரு கட்டிலில் குப்புறப் படுக்க வைத்து, எந்தக் குறையும் இல்லாத என் முதுகின் மேல் சூடான பட்டையை வைத்துவிட்டு ஒரு பையன் போய்விட்டான். இருபது நிமிடம் அப்படியே கிடந்தேன். தவறு என்று சொல்ல வேண்டுமானால் சரி எது என்றும் சொல்ல வேண்டும். சுகமாகத்தான் இருந்தது. எழுந்து, நன்றி சொல்லி, வீட்டுக்கு வந்துவிட்டேன்.

இரண்டு நாள் கழித்து டாக்டரின் சீட்டை மடித்து உறையில் போட்டு எடுத்துப் போனேன். அதைப் பிரித்துப் படித்த வரவேற்புப் பெண் குரலைத் தாழ்த்தி, "இத மொதல்லயே குட்த்துருக்கலாமில்ல. லேடீஸ் ரூம் உள்ள கீது, போங்க" என்றாள்.

உள்ளே இருந்த பிசியோதெரபிஸ்ட் என்னைவிட நாலைந்து வயது பெரியவராக இருப்பார். தலையில் கிளிப், காலில் ரப்பர் செருப்பு. மேசையில் பிளாஸ்டிக்கில் ஓர் இடுப்பெலும்பு. அதன் அடியில் சிவப்பு ரப்பரில் தொட்டில்போலத் தசைகள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். முதன்முறையாக ஒரு மனிதரிடம், வரிசையாக, தேதிகளோடு. கடைசியில், செய்துகொண்டிருந்த பயிற்சியையும் சொன்னேன். பாராட்டுவார் என்று எதிர்பார்த்தேன்.

"ஒரு நாளைக்கு எத்தனை?"

"நூத்தம்பது."

அவர் பிளாஸ்டிக் எலும்பைக் கீழே வைத்தார். "யாருங்க உங்கள இறுக்கச் சொன்னது?"

"வீடியோல..."

"அது குழந்தை பெத்து தசை தளர்ந்துபோனவங்களுக்கு. உங்களுது தளரல. விடவே தெரியாம பிடிச்சுக்கிட்டு நிக்குது. சுளுக்கின கெண்டைக்கால நாலு மாசம் முறுக்குன மாதிரி பண்ணியிருக்கீங்க."

எனக்குக் காது சுட்டது. வீட்டுப்பாடம் செய்தும் திட்டு வாங்கியது அன்றுதான்.

உள்ளே பரிசோதிக்க வேண்டியிருக்கும், கையுறை போட்டு ஒரு விரலால், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தச் சொல்லலாம், இன்றே செய்ய வேண்டும் என்றில்லை என்றார். அன்று வேண்டாம் என்றேன். "சரி" என்று மட்டும் சொன்னார். காரணம் கேட்கவில்லை. முதல் மூன்று முறையும் மூச்சுப் பயிற்சிதான். படுத்துக்கொண்டு, ஒரு கை நெஞ்சில், ஒரு கை வயிற்றில். மூச்சை இழுக்கும்போது வயிறு பலூன்போல எழ வேண்டும். என் வயிறு எழவில்லை. வயிற்றை எக்கிப் பிடித்துக்கொண்டே வளர்ந்தவள் நான். அப்படித்தான் நிற்க வேண்டும் என்றுதான் நினைத்திருந்தேன்.

நான்காம் முறை நானே சொன்னேன், பரிசோதிக்கலாம் என்று. கூரையில் ஒரு மின்விசிறி, அதன் ஓர் இறக்கையில் மட்டும் ஒட்டடை. அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். "இது வலது பக்கம். ஆறு மணி, ஏழு மணி, எட்டு மணி" என்று கடிகார முள்போலச் சொல்லிக்கொண்டே விரல் நகர்ந்தது. எட்டு மணியில் அந்தக் கூழாங்கல் இருந்தது. "இங்கதானே?" என்றார். ஆமாம் என்று சொல்ல வாய் திறக்கவில்லை. ஒரு வருடமாக எந்த ஸ்கேனிலும் தெரியாதது. அது இருக்கிறது என்று இன்னொரு விரலுக்குத் தெரிந்துவிட்டது.

"பல்லக் கடிக்காதீங்க. தாடைய விடுங்க. மேல பூட்டினா கீழயும் பூட்டிக்கும்." விரலை அங்கேயே அசையாமல் அழுத்தி வைத்துக்கொண்டு காத்திருந்தார். கொஞ்ச நேரம் கழித்து அந்த இடம் ஒரு நூல் அளவு இளகியது. பிறகு கேட்டார்: "எப்ப இருந்து அடக்கறீங்க?"

"எதை?"

"ஒண்ணுக்கு."

நான் படித்த அரசுப் பள்ளியில் பெண்களுக்கென்று ஒரே ஒரு கழிப்பறை உருப்படியாக இருந்தது. அது பூட்டியிருக்கும். சாவி ஆசிரியர் அறையில் ஆணியில் தொங்கும். யாரும் தொலைத்துவிடக் கூடாது என்று அந்தச் சாவியை ஒரு முழ நீள மரக்கட்டையில் கட்டியிருந்தார்கள். போக வேண்டுமானால் ஆசிரியர் அறைக்குள் போய்க் கேட்டு, கட்டையைத் தூக்கிக்கொண்டு, பையன்கள் விளையாடும் மைதானத்தின் குறுக்கே நடக்க வேண்டும். "டேய், கட்ட போவுது பார்றா" என்பார்கள். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை ஏழு வருடத்தில் நான் அந்தச் சாவியை ஒரு முறைகூடக் கேட்டதில்லை. மற்ற பெண்களும் அடக்கினார்கள். ஆனால் மூன்றாவது பீரியடில் ஒருத்தி, மதியம் ஒருத்தி என்று தோற்றுப் போவார்கள். நான் தோற்றதில்லை. காலையில் ஒரு வாய் காப்பி. அதன் பிறகு மாலை வரை தண்ணீர் கிடையாது. அதில் எனக்கு இருந்த பெருமை, கணக்கில் நூறு வாங்கியபோது இருந்த பெருமைக்குக் குறைவில்லை.

வீட்டுக்கு வந்தாலும் உடனே முடியாது. பட்டரைவாக்கத்தில் ஆறு குடித்தனங்கள் இருந்த லைன் வீட்டில் அப்போது இருந்தோம். ஆறு வீட்டுக்கும் கோடியில் ஒரே கழிப்பறை. பக்கெட்டை வைத்து வரிசை பிடிக்க வேண்டும். ஷிப்டுக்குப் போகிற ஆண்களுக்கு முதலிடம். "பொம்பள பசங்கதானே, கொஞ்சம் பொறுங்க" என்பார்கள். பொறுத்தோம்.

இதையெல்லாம் மின்விசிறியைப் பார்த்தபடி சொன்னேன். பிசியோதெரபிஸ்ட் கையுறையைக் கழற்றிவிட்டு, "நானும் அடக்கினவதான். எங்க ஸ்கூல்ல கதவே கிடையாது" என்றார். பிறகு அடுத்த வாரத்துக்கு நேரம் குறித்தார்.

வீட்டுப்பாடம் கொடுத்தார். சுவரில் காலைத் தூக்கிப் போட்டுக்கொண்டு மூச்சு. வேண்டுமோ வேண்டாமோ, மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை கழிப்பறை. தண்ணீர். ஆபீஸ் கழிப்பறையில் அந்தரத்தில் தொங்காமல் முழுசாக உட்கார வேண்டும். போன நேரத்தையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வர வேண்டும்.

மூச்சை ஒழுங்காகச் செய்தேன். கழிப்பறைக்குப் போகவில்லை. ஆபீசில் என் இடத்திலிருந்து கழிப்பறைக்கு, மூன்று வரிசை ஆட்களைத் தாண்டி நடக்க வேண்டும். ஒரு நாளைக்கு மூன்று முறை எழுந்து போனால் என்ன நினைப்பார்கள் என்று தோன்றும். இடத்தை விட்டு எழாதவள் என்றுதான் எனக்கு அங்கே பெயர். நோட்டை மட்டும் முகப்பேர் போகிற ஷேர் ஆட்டோ நின்ற சிக்னல்களில் நிரப்பினேன்.

அவர் பக்கத்தைப் பார்த்தார். "ஏழு நாளும் காலைல பத்து, மதியம் ஒண்ணு, சாயங்காலம் நாலு. ரயில்கூட இப்படி வராதுங்க."

நோட்டைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன்.

"எனக்கு மார்க் போடத் தெரியாது. இதுல முதல் ரேங்க்கும் கிடையாது. நீங்க போகலேன்னா போகலேன்னு எழுதுங்க, போதும்."

அடுத்த வாரம் நோட்டில் ஐந்து நாள் "போகவில்லை" என்று எழுதிக் கொண்டுபோனேன். அதை அவரிடம் நீட்டுவது, முதல் பரிசோதனையைவிடக் கடினமாக இருந்தது.

உட்காரும் நேரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்ட வேண்டும், வலி வருவதற்கு முன்னால் எழுந்துவிட வேண்டும் என்றார். வீட்டில் ஞாயிற்றுக்கிழமை அப்பா அம்மா இருவரும் இருப்பார்கள். கடிகாரத்தை வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுந்தால் கேட்பார்கள். அதனால் தோழியைப் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டு, கொரட்டூரில் மின்சார ரயில் ஏறி ஆவடி வரை போய் வர ஆரம்பித்தேன். பார்க்கப் போவதாகச் சொன்ன தோழி திருமணமாகி இரண்டு வருடத்துக்கு முன்பே ஊரைவிட்டுப் போயிருந்தாள். பட்டரைவாக்கம், அம்பத்தூர், திருமுல்லைவாயல், அன்னனூர், ஆவடி. முதல் ஞாயிறு அம்பத்தூர் வரை உட்கார்ந்தேன். பிறகு எழுந்து கம்பியைப் பிடித்துக்கொண்டேன். ஆவடியில் இறங்கி, நடைமேடையில் ஒரு டீ குடித்து, திரும்பி வருகிற ரயிலிலும் அதேபோல.

பெண்கள் பெட்டியில் கொய்யாப்பழம் விற்கிற ஓர் அம்மா இருந்தார். மூன்றாவது ஞாயிறோ நான்காவதோ, என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"இன்னாமே, சீட்டு காலியாத்தானே கீது. பாதில எய்ந்து நின்னுகினு வர்றே. வாராவாரம் பாக்கறேன். இன்னா, வேண்டுதலா?"

பெட்டியில் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆமாம்மா, வேண்டுதல்தான்."

"எந்தக் கோயிலுக்கு?"

"ஆவடி."

"ஆவடில எறங்கி டீ குட்ச்சிட்டு ரிட்டன் வர்றியே, அது இன்னா கோயிலு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். அந்த வாரம் முழுக்க, வீட்டுக்கு வெளியே, பணியோடு சம்பந்தமில்லாமல் என்னிடம் பேசியவர்கள் பிசியோதெரபிஸ்டும் அவரும்தான் என்று அன்னனூர் தாண்டும்போது தோன்றியது.

அந்த மூன்று நாட்கள் வருவதற்குள் திருமுல்லைவாயல் வரை உட்கார முடிந்தது. மெத்தை வைத்த நாற்காலியில் என்றால் இருபத்தைந்து நிமிடம். நடுவில் பள்ளம் வெட்டிய ஒரு திண்டு வாங்கியிருந்தேன். பிசியோதெரபிஸ்ட் அதைக் கட்டாயம் எடுத்துப் போகச் சொன்னார். அரை மணிக்கு ஒரு முறை எழச் சொன்னார். திண்டை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். எட்டு வெளியாட்கள் முன்னால் மூல நோய்க்காரர்கள் உட்காருகிற மாதிரி ஒரு திண்டில் உட்கார என்னால் முடியாது என்று நினைத்தேன்.

ஒன்பது மணிக்கு ஆரம்பித்தோம். பெரிய மேசை, சுற்றிலும் பன்னிரண்டு பேர், தலைப்பக்கம் நான். அரை மணியில் கல் சூடானது. நான் பேசிக்கொண்டிருந்தேன். ஒரு மணி நேரத்தில் தொடை வரை இறங்கியது. சிறுநீர் முட்டியது. ஒருவர் கேள்வி மேல் கேள்வி கேட்டார். எல்லாவற்றுக்கும் பதில் தெரிந்திருந்தது. பத்தரை மணிக்கு, பதில் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என் தாடை பூட்டியிருப்பதைக் கவனித்தேன். வயிறு எக்கியிருந்தது. இரண்டு மாதமாக நூல் நூலாக இளக்கியது எல்லாம் அந்த நாற்காலியில் மறுபடி இறுகிக்கொண்டிருந்தது. இப்படி மூன்று நாள் உட்கார்ந்தால் குழுத் தலைவர் ஆகலாம். அதன் பிறகு ரயிலில் பட்டரைவாக்கம் வரைகூட உட்கார முடியாது.

எழுந்தேன். எனக்கு ஐந்து நிமிடம் வேண்டும், திரும்பி வந்து நின்றபடியே தொடர்கிறேன், என்னால் அதிக நேரம் உட்கார முடியாது என்று ஆங்கிலத்தில் சொன்னேன். குரல் சரியாகத்தான் வந்தது. மேலாளர் நிமிர்ந்து பார்த்தார். வந்தவர்களில் ஒருவர் "ஷ்யூர்" என்று சொல்லிக் கைப்பேசியை எடுத்தார். மற்றவர்கள் பிஸ்கட் தட்டின் பக்கம் திரும்பினார்கள். கதவிலிருந்து கழிப்பறை வரை மூன்று வரிசைகளைத் தாண்டி நடந்தபோது, கையில் அந்த மரக்கட்டை இருப்பதுபோலவே இருந்தது. ஒருவரும் தலை தூக்கவில்லை. இத்தனை வருடம் யாருக்குப் பயந்தேன் என்று தேடினால், அந்த ஹாலில் அப்படி யாருமே இல்லை.

மூன்று நாளையும் வெள்ளைப் பலகையின் பக்கத்தில் நின்றே நடத்தி முடித்தேன். நன்றாகவே நடத்தினேன். அடுத்த வாரம் மேலாளர் அழைத்தார். குழுத் தலைவர் பொறுப்பை எனக்குப் பிறகு சேர்ந்த ஒருவருக்குக் கொடுத்திருந்தார்கள். "மீட்டிங்கெல்லாம் நிறைய இருக்கும். உனக்கு முதுகு சரியாகட்டும், அப்புறம் பார்ப்போம்" என்றார்.

"முதுகு இல்ல சார். இடுப்புக்கு அடியில இருக்கற தசை. சிகிச்சை எடுத்துக்கிட்டிருக்கேன். நின்னுக்கிட்டு வேலை செய்ய எனக்கு ஒரு உயரமான மேசை வேணும்."

அவர் மேசையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். "ஓ. ஓகே. ஓகே. அட்மின்ல சொல்றேன்."

அன்று வீட்டுக்கு வந்து மடிக்கணினியை ஃபிரிட்ஜின் மேல் வைத்தேன். இறக்கி வைக்கவில்லை. அம்மா வந்தாள், பார்த்தாள். "இன்னாடி, ஃபிரிட்ஜ்ஜு மேல பூஜையா?" என்று கேட்டுவிட்டு முகம் கழுவப் போனாள். அப்பா வந்து கைலி மாற்றிக்கொண்டு என் நாற்காலியில் உட்கார்ந்தார்.

"ஏன் நின்னுகினு கீறே?"

"உட்கார்ந்தா வலிக்குதுப்பா. ஒரு வருஷமா."

அவர் நாற்காலியின் கைப்பிடியைத் தடவினார். "நின்னா?"

"நின்னா பரவால்ல."

"நல்லா கீது கத" என்றார். சிரிப்பதுபோல ஆரம்பித்தார், முடிக்கவில்லை. "ஆஸ்பத்திரி?"

"போய்க்கிட்டுத்தான் இருக்கேன். குறைஞ்சிருக்கு."

எங்கே வலிக்கிறது என்று அவர் கேட்கவில்லை. அம்மாதான் சமையலறையிலிருந்து, "அப்ப அந்த முதுகுவலி?" என்றாள். நான் உள்ளே போய் அவளிடம், எனக்குத் தெரிந்த ஒரே வழியில், பிளாஸ்டிக் எலும்பு இல்லாமல், கையால் தொட்டில்போலக் காட்டிச் சொன்னேன். அம்மா வெங்காயத்தை நறுக்குவதை நிறுத்தவில்லை. "ஒத்தையாவா போய் வந்தே இத்தினி நாளு?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். அதற்கு மேல் நாங்கள் இருவரும் அதைப் பேசவில்லை. இன்றுவரை பேசவில்லை.

இரண்டு நாள் கழித்து அப்பா பட்டறையிலிருந்து ஒரு மரப்பலகையைத் தோளில் சுமந்து வந்தார். லேத்தின் முன்னால் போட்டு அதன் மேல்தான் நிற்பார்கள், எண்ணெய் ஊறிக் கறுத்த பலகை. ஃபிரிட்ஜின் முன்னால் போட்டு, ஆடுகிறதா என்று காலால் அழுத்திப் பார்த்தார். "சிமெண்ட் தரைல நின்னா கால உறிஞ்சிரும். இதுமேல நில்லு" என்றார். "ஊடெல்லாம் ஆயில் நாத்தம்" என்று அம்மா இரண்டு நாள் திட்டினாள். பிறகு பழைய புடவையொன்றை மடித்து அதன் மேல் போட்டாள்.

முகப்பேருக்கு இப்போதும் போகிறேன், பதினைந்து நாளைக்கு ஒரு முறை. ஆபீசில் அந்த உயரமான மேசையும் வந்துவிட்டது. அந்த வரிசையிலேயே தலை வெளியே தெரிவது எனக்கு மட்டும்தான். ஞாயிற்றுக்கிழமை ரயில் நின்றுபோகவில்லை. ஆனால் இப்போது எங்கே போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் போகிறேன். கூட யாரும் வருவதில்லை, நானும் கூப்பிடுவதில்லை. போன வாரம் கொய்யாப்பழ அம்மா ஏறியபோது ரயில் அன்னனூரிலிருந்து கிளம்பிக்கொண்டிருந்தது. நான் உட்கார்ந்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார். "எது வரிக்கும்?"

"ஆவடி வரைக்கும்."

"ரிட்டனு?"

"ரிட்டன்ல நின்னுக்கிட்டுத்தான் வந்தேன்."

"சரி" என்று சொல்லி, காலைத் தூக்கி ஸ்டூலின் மேல் வைத்துக்கொண்டார்.